கையைப் பிறகு கீறலாம் என்று விட்ட படம்

பிள்ளைகள், நான் மூன்று மாதம் ஒரு படத்துக்குக் காவல் நின்றிருக்கிறேன். மூத்தவள் அப்போது முதலாம் வகுப்பு. சின்னவன் தள்ளுவண்டியில். அதனால் உங்களுக்கு இது நினைவிருக்காது. மாமாவை மட்டும் கொஞ்சம் நினைவிருக்கலாம். சொந்த மாமா இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். வந்ததும் மூத்தவளின் பின்னலை இழுத்து, "கோயில் மணி அடிக்குதோ பாப்பம்" என்பார். அவர்தான். அவர் எப்படிச் செத்தார் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் அம்மாவும் நானும் "நோய் வருத்தம் வந்து" என்று சொல்லிவந்தோம். அது பொய் இல்லை. ஆனால் நான் செய்தது அதில் இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் தமிழ்ப் பள்ளிக்கூட ரீச்சரைப் போலச் சிவப்புப் பேனையால் வெட்டாமல் வாசியுங்கள்.

இனி அவன் என்றே எழுதுகிறேன். அவர் என்று எழுதினால் வேறு யாரையோ எழுதுவது போல இருக்கிறது.

ஜேர்மனிக்கு வந்த புதிதில் அகதி முகாமில் ஒரே அறையில் இரண்டு தட்டுக் கட்டில். மேலே அவன், கீழே நான். மூன்று வருடம் அப்படிப் படுத்தோம். பிறகு நான் கலியாணம் கட்டினேன், அவன் கட்டவில்லை. டுசல்டோர்ஃபில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு அறை எடுத்து இருந்தான். கோதுமை மாவில் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி கட்டுகிற வேலை. அங்கே எல்லோரும் துருக்கிக்காரரும் போலந்துக்காரரும். அதனால் அவனுக்கு டொச் மொழி அவ்வளவு வரவில்லை. எனக்கு ஆறு மாதம் வகுப்புக்குப் போகக் கிடைத்தது. அரசாங்கக் கந்தோர், டொக்டர், வீட்டுக்காரன் எல்லாவற்றுக்கும் நான்தான் அவனோடு போவேன். "டொச்சிலை நீதான்டா என்ரை வாய்" என்பான்.

ஊரில் அவனுக்குத் தாய் மட்டும். பதினைந்து வருடம் பார்க்கவில்லை. சண்டை நின்று, வடக்குக்குப் போகிற ஏ-ஒன்பது வீதி திறந்து, எங்கள் ஆட்கள் சூட்கேசும் சொக்கிலேற்றுமாக ஊருக்குப் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. அவனால் போக முடியவில்லை, அகதிப் பயணப் பத்திரத்தோடு ஊருக்குப் போக விடமாட்டார்கள். கடைசியில் அந்த மார்கழியில் ஜேர்மன் பாஸ்போட் கிடைத்தது. அதை எங்கள் குசினி மேசையில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து பிறகு திறந்தான். ஆவணியில் மடு மாதா கோயில் திருநாளுக்குத் தாயைக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவெடுத்து ரிக்கற்றும் பதிந்தான். வேறு ஆசை எதையும் அவன் சொல்லி நான் கேட்டதில்லை.

மாசியில் வயிற்றுநோ வந்தது. மெலிந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை வைத்து எல்லாம் சோதித்தார்கள். பிறகு டொக்டர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

பெண் டொக்டர். என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்துத்தான் கதைத்தார். ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தி, நான் தமிழில் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார். கணையத்தில் புற்றுநோய் என்றார். ஈரலுக்கும் போய்விட்டது, வெட்டி எடுக்க முடியாது என்றார். நிறுத்தினார்.

நான் அவனிடம், "வயித்துக்குள்ளை ஒரு புண்ணாம் மச்சான். ஒப்பரேசன் தேவையில்லையாம்" என்றேன்.

"பாத்தியே, நான் சொன்னனான்தானே! நேரத்துக்குச் சாப்பிடாமல் வந்தது. பாணுக்கை நிண்டு பட்டினி கிடக்கிறவன் நான் ஒருத்தன்தான்."

அவன் சிரித்ததைக் கண்டு டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, மருந்து ஏற்றலாம், ஆனால் அது நோயை மாற்றாது, கொஞ்சக் காலத்தைக் கூட்டித் தரும், அவ்வளவுதான் என்றார்.

"மருந்து ஏத்துவினமாம். சத்தி, வாந்தி வருமாம். தலைமயிரும் கொட்டுமாம்."

"கொட்டுறதுக்கு இஞ்ச என்ன கிடக்கு?" என்று தன் வழுக்கையைத் தடவினான்.

கடைசியாக டொக்டர் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, இன்னும் மெதுவாக ஒன்று சொன்னார். தூர இடத்தில் இவருக்கு யாராவது இருந்தால், அவர்களைப் பார்க்க விரும்பினால், இப்போதே போகட்டும். இன்னும் சில கிழமைக்கு இவரால் விமானத்தில் போக முடியும். மருந்தை வந்து தொடங்கலாம். கோடைக்குப் பிறகு போகலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. விளங்கவில்லை என்று இன்றைக்கும் சொல்ல ஏலாது.

"என்னவாம்?" என்றான்.

"பயணம் கியணம் இப்போதைக்கு வேண்டாமாம். மருந்தை முடிச்சுப்போட்டுப் போகட்டாம்."

"அப்ப ஆவணிக்குப் போகலாமோ எண்டு கேள்."

நான் டொக்டரிடம் திரும்பி, அவர் உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்றேன்.

"எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டாரா?" என்று டொக்டர் கேட்டார். ஓம், எல்லாம் என்றேன்.

எங்கள் ஆட்களுக்குள் வருத்தக்காரனிடம் அவன் வருத்தத்தின் பெயரைச் சொல்வதில்லை. என் தகப்பனுக்குச் சொல்லவில்லை. அம்மாவின் சித்தப்பாவுக்கும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், கட்டிலில் கிடக்கிறவருக்கு மட்டும் தெரியாது. அதை நாங்கள் பொய் என்று நினைப்பதில்லை, வருத்தக்காரனைப் பராமரிக்கிறதில் ஒரு பங்கு என்று நினைக்கிறோம். அப்படித்தான் நானும் நினைத்தேன். இன்னொன்றும் இருந்தது. இப்போது போனால் அவன் அங்கேயே செத்துப்போவான், ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு மர வாங்கில் கிடந்து சாவான், நான் பக்கத்தில் இருக்க மாட்டேன் என்று பயந்தேன். என் பயத்துக்காகவும் அவனை மறித்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவ அழுதுவிட்டு, "நல்ல வேலை செய்தியளப்பா. சொல்லியிருந்தால் மனுசன் அந்த இடத்திலையே விழுந்திருக்கும்" என்றா. பங்குச் சுவாமியாரும், இப்போதைக்கு விடுங்கோ என்றார். இரண்டு கிழமைக்குள் நகரத்தில் இருந்த தமிழ்க் குடும்பம் எல்லாவற்றுக்கும் தெரிந்துவிட்டது. ஒவ்வொருவரும் கோழி சூப்பும் பாலப்பமும் கொண்டு அவன் அறைக்குப் போனார்கள்.

"என்னடா இது, ஒரு புண்ணுக்கு இவ்வளவு சூப்போ?" என்றான் அவன்.

போன வருடம் அம்மாவுக்குப் பித்தக்கல் எடுத்தபோது, சின்னவன், நீதான் டொக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னாய். நான் மூன்று தரம், "வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன். நீ கோபித்துக்கொண்டு, "அப்பா, நீங்க என்னை நம்புறேல்லையா?" என்றாய். உன்னை நம்பாமல் இல்லையடா. கேட்கிறவன் முந்தி என்ன செய்தவன் என்று எனக்குத் தெரியும், அதுதான்.

நான் அப்போது ஒரு காவல் கொம்பனியில் வேலை. எங்கே அனுப்புகிறார்களோ அங்கே போய் நிற்க வேண்டும். பங்குனியில் என்னை ஒரு நூதனசாலைக்கு அனுப்பினார்கள். மூன்று மாதக் கண்காட்சி. இம்ப்ரெஷனிஸ்ட் என்று ஒரு கூட்டம் ஓவியர்கள் இருந்தார்கள். அறைக்குள் இருந்து படம் கீறாமல் வெளியே போய், தண்ணீரில் வெயில் மினுங்குவதையும் மரத்துக்குள் வெளிச்சம் நுழைவதையும் அந்த நேரத்துக்கே தீட்டினவர்கள். அந்த நிறப் படங்கள் எல்லாம் பெரிய மண்டபங்களில். சனமும் அங்கேதான். எனக்குக் கிடைத்தது கடைசி அறை. அங்கே அவர்கள் கடதாசியில் கீறிப் பார்த்த படங்கள். கடதாசிக்கு வெளிச்சம் ஆகாது என்று அறையை மங்கலாக வைத்திருந்தார்கள். உள்ளே வருகிற எல்லோரும், ஏன் இந்த இருட்டு என்று என்னைத்தான் கேட்பார்கள், மின்குமிழை நான் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்திருப்பது போல. கிழமைக்கு ஒருக்கால் ஒரு பெண்மணி சின்னக் கருவி ஒன்றோடு வந்து வெளிச்சத்தை அளந்து எழுதிக்கொண்டு போவா.

என் கதிரைக்கு நேர் எதிரே அந்தப் படம். கறுப்புச் சோக்கால் கீறியது. ஒரு மனிதன் கதிரையில் பக்கவாட்டில் இருக்கிறான். தாடி, கொஞ்சம் வீங்கிய கண், இப்போதுதான் யாரோ பகிடி விட்டது போன்ற வாய். முகம் முழுதாக இருக்கிறது. கழுத்துக்குக் கீழே வர வரக் கோடு குறைகிறது. மேல்கோட்டு நாலைந்து இழுவை. கை இல்லை. கை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வளையம், அவ்வளவுதான். கடதாசியின் ஓரத்தில் காதை மட்டும் இன்னும் இரண்டு தரம் தனியாகக் கீறியிருந்தது. மேல்கோட்டுப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஏதோ கிறுக்கியிருந்தது. அது நிறங்களின் பெயர், பிறகு தீட்டும்போது மறக்காமல் இருக்க எழுதுவார்கள் என்று அந்த வெளிச்சம் அளக்கிற பெண்மணி சொன்னா.

பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் டொச்சில் விளக்கம். முதல் நாளே வாசித்தேன். ஓவியர் தன் நண்பரைத் தீட்டுவதற்கு முன் கீறிப் பார்த்த படம் இது. அந்த வருடமே நண்பர் இறந்துவிட்டார். பெரிய படம் தீட்டப்படவில்லை.

திங்களில் அவனுக்கு மருந்து ஏற்றுவார்கள். செவ்வாய் முழுக்கச் சத்தி. புதனில் கொஞ்சம் தெளிவான். வீட்டில் தனியே கிடந்து யோசிக்கக் கூடாது என்று நான்தான் அவனை நூதனசாலைக்கு வரச் சொன்னேன். வேலையாட்களுக்கு இலவச ரிக்கற் இருந்தது. முதல் புதன் அவன் கலியாணத்துக்கு வருவது போலக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். கோட்டு அவனுக்கு இரண்டு அளவு பெரிதாகியிருந்தது. காவல்காரர் ஆட்களோடு நின்று கதைக்கக் கூடாது. அதனால் அவன் பார்வையாளன் கேள்வி கேட்பது போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"ஐயா, உந்த ஆளின்ரை கையை ஆர் களவெடுத்தது? நீங்கள் காவலுக்கு நிக்கேக்கையே போச்சுதோ?"

"மெதுவாக் கதையடா. வேலையாலை நிப்பாட்டிப் போடுவாங்கள்."

"காதைப் பார். மூண்டு தரம் எழுதிக் கிடக்கு. வாத்தியார் இம்பொசிசன் குடுத்தவர் போலை." படத்தை நெருங்கினான். கிட்டப் போனால் ஒரு மணி கீச்சிடும். கீச்சிட்டது. துள்ளிப் பின்னால் வந்தான். "விசர்ப் படம், கத்துது. உந்த அட்டையிலை என்ன எழுதிக் கிடக்கு?"

நான் அட்டையைப் பார்த்தேன்.

"இது சும்மா முதல் கீறிப் பாத்ததாம். பெரிய படம் பிறகு நிறத்திலை தீட்டினவராம். அது பாரிசிலை இருக்காம்."

"அப்ப கை அதிலை இருக்கும்."

"ஓம். அதிலை இருக்கும்."

"இவை ரெண்டு பேரும் கூட்டாளியளோ?"

"ஓம்."

"எனக்கும் தெரிஞ்சது. கூலிக்கு இருக்கிறவன் இப்பிடிச் சிரிச்சுக்கொண்டு இருக்கமாட்டான்" என்றான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "எனக்குச் சுகமானாப் பிறகு பாரிசுக்குப் போய் அந்தப் படத்தையும் பாப்பம். வரேக்கை அங்கத்தைத் தமிழ்க் கடையிலை முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வரலாம்" என்றான்.

பிறகு ஒவ்வொரு புதனும் வந்தான். நடு அறையில் ஒரு வாங்கு இருந்தது. அதில் இருந்து படத்தைப் பார்ப்பான். சில வேளை நித்திரையாகிவிடுவான். வெளிச்சம் அளக்கிற பெண்மணிக்கும் அவன் பழக்கமாகிவிட்டான், கண்டால் தலையாட்டுவா. கடதாசிப் படங்களை மூன்று மாதத்துக்கு மேல் வெளியே வைப்பதில்லை, பிறகு பெட்டிக்குள் போட்டு வருடக்கணக்கில் இருட்டில் வைப்பார்கள் என்று அவ சொன்னதை அவனிடம் சொன்னேன். அதை ஏன் சொன்னேனோ தெரியாது. "பாவம்டா, மூண்டு மாசத்துக்குத்தான் ஆளுக்கு விசா" என்று சிரித்தான்.

சித்திரையில் ஆவணி ரிக்கற்றை மார்கழி நத்தாருக்கு மாற்றினான். தாய்க்கு ரெலிபோன் எடுக்க நானும் கூட இருந்தேன். ஊரில் சந்திக் கடையில்தான் ரெலிபோன். கடைக்காரர் ஆள் அனுப்பித் தாயைக் கூப்பிடுவார், நாங்கள் கால் மணித்தியாலம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும்.

"மடுவுக்கு வாறன் எண்டெல்லே சொன்னனீ" என்ற தாயின் குரல் எனக்கும் கேட்டது.

"நத்தாருக்குக் கட்டாயம் வாறனம்மா. இஞ்ச, என்ரை கூட்டாளி நிக்கிறான், அவனைக் கேள்." ரிசீவரை என் கையில் தந்தான்.

நான் அந்த அம்மாவிடமும் சொன்னேன். "சின்னப் புண்தான் அம்மா. நத்தாருக்குள்ளை மாறிடும்."

ஆனி மாதம். கண்காட்சி முடிய இரண்டு கிழமை இருந்தது. அன்றைக்கும் புதன். அவன் வாங்கில் இருந்தான். அவன் கால் வீங்கி, சப்பாத்துப் போட முடியாமல் செருப்போடு வந்திருந்தான். அந்த நேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருபது பேர் விளக்கம் சொல்கிற ஒரு பெண்ணோடு அறைக்குள் வந்து, அந்தப் படத்தின் முன்னால் நிலத்தில் இருந்தார்கள். சின்னப் பிள்ளைகள். அதனால் அந்தப் பெண் சின்னச் சொற்களாகப் பார்த்து மெதுவாகக் கதைத்தா. இவருக்கு ஏன் கை இல்லை என்று பிள்ளைகளைக் கேட்டா. ஒரு பெடியன், குளிர் அதனால் பொக்கற்றுக்குள் வைத்திருக்கிறார் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருத்தி, ஓவியருக்குக் கை கீறத் தெரியாது என்றாள். இல்லை, என்றா அந்தப் பெண். கையைப் பிறகு கீறலாம் என்று விட்டுவிட்டார். பிறகு இந்த நண்பர் செத்துப்போனார். பெரிய படத்தை ஓவியர் தீட்டவே இல்லை.

செத்துப்போனார் என்கிற டொச்சுச் சொல் பாண் பெட்டி கட்டுகிறவனுக்கும் தெரியும். இல்லவே இல்லை என்கிற சொல்லும் தெரியும்.

பிள்ளைகள் எழும்பிப் போனார்கள். அவன் எழும்பவில்லை.

"பாரிசிலை இருக்கெண்டு சொன்னனீ."

நான் அட்டையைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஒரு படத்துக்கு ஏன்டா பொய் சொன்னனீ? அந்தாள் செத்தால் எனக்கென்ன? ஆரோ ஒரு வெள்ளைக்காரன்."

"மறந்து மாறிச் சொல்லிப்போட்டன் மச்சான்."

"இல்லை." என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வீங்கிய காலைப் பார்த்தான். திரும்பவும் என்னைப் பார்த்தான். "டொக்டர் என்ன சொன்னவ?"

"வேலை முடிய வீட்டை போய்க் கதைப்பம்."

"இப்ப சொல்லு."

"இஞ்ச நிண்டு ஏலாதடா. ஆக்கள் நிக்கினம்."

"அவைக்குத் தமிழ் தெரியாது. சொல்லு."

கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, காதில் வோக்கியோடு, சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்று சொன்னேன். புற்றுநோய் என்றேன். மாறாது என்றேன். ஒரு வயதான வெள்ளைக்காரச் சோடி எங்களைத் தாண்டிப் போய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் ஆடாமல் கேட்டான். அவன் விழவில்லை, பிள்ளைகள். அம்மா சொன்னது போல அந்த இடத்தில் விழவில்லை. கொஞ்சம் தெரிந்துதான் இருந்தவன் போலத் தலையை ஆட்டினான்.

பிறகு கேட்டான். "ஊருக்குப் போறதைப் பற்றி என்ன சொன்னவ?"

இதையாவது மறைத்துவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த நேரத்திலும் வந்தது. ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உடனை போகச் சொன்னவ. போய் ஆக்களைப் பாத்திட்டு வரச் சொன்னவ."

"எப்ப?"

"மாசியிலை."

அவன் விரலை மடக்கினான். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. நாலு விரல். மடக்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். அப்போதுதான் அவன் முகம் மாறியது. வருத்தத்தின் பெயரைக் கேட்டபோது மாறாத முகம்.

"நான் போயிருப்பன்டா" என்றான். சத்தம் போடவில்லை. "கடைக்காரன் கூப்பிட்டு அவ வாறதுக்கிடையிலை நானே போய் வாசல்லை நிண்டிருப்பன்."

எழும்பினான். நான் பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டான். செருப்பை இழுத்து இழுத்து மண்டபங்களைத் தாண்டிப் போனான். என் இடத்தை விட்டு நான் அசையக் கூடாது. வேலை முடிய இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது. நின்றேன். அதுவும் இன்றைக்கும் என் மனதில் நிற்கிறது. வேலை போனால் போகட்டும் என்று நான் பின்னால் ஓடியிருக்கலாம்.

மறுநாள் அவன் தனியாக டொக்டரிடம் போயிருக்கிறான். ஆஸ்பத்திரிக்காரர் ரெலிபோனில் வேறு ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார்கள். பதினாலு வருடத்தில் முதல் தரம் அவன் டொச்சுக்கு வேறு வாய் தேடினான். வயிற்றில் நீர் கோத்துவிட்டது, காலில் இரத்தம் கட்டிவிட்டது, இனி விமானத்தில் ஏற ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டா. அப்படியும் அவன் அடுத்த கிழமைக்கு ரிக்கற் கேட்டுப் போனான். டொக்டரின் கடிதம் இல்லாமல் ஏற்ற மாட்டோம் என்றார்கள். இதெல்லாம் மற்றவர்கள் சொல்லி எனக்குத் தெரியும். நான் ரெலிபோன் எடுத்தால் அவன் வைத்துவிடுவான். அம்மா சோறு கொண்டுபோனால் கதவைத் திறந்து வாங்குவான், என்னைப் பற்றிக் கேட்க மாட்டான்.

பத்தாம் நாள் அவனே எடுத்தான்.

"அம்மாவை இஞ்ச கூப்பிடப் போறன். வெளிநாட்டார் கந்தோருக்குப் போகவேணும். வா. ஆனால் சொல்லுறதை மட்டும் சொல்லு."

போனோம். கந்தோர்ப் பெண் சொன்ன ஒவ்வொன்றையும் விடாமல் சொன்னேன். இந்த விண்ணப்பம் வேண்டும், அந்தக் கடிதம் வேண்டும், கோட்டைக் கழற்றி மாட்டுங்கள், இன்றைக்கு வெக்கை அல்லவா, எல்லாம் சொன்னேன்.

"வெக்கையைப் பற்றியுமோ சொன்னவ?" என்றான்.

"ஓம். சொன்னவ."

அன்றைக்கு அவன் முகத்தில் அரைவாசிச் சிரிப்பு வந்தது. அவனில் நான் கண்ட கடைசிச் சிரிப்பு அது.

இங்கேயிருந்து கடிதங்கள் போயின. கொழும்பில் தூதரகத்தில் தாய்க்கு விசாவுக்கு ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்கள், ஆடி கடைசியில். முன்னுக்குத் தரச் சொல்லி நான் எழுதாத கடிதம் இல்லை. அவன் தானே ரெலிபோன் எடுத்துத் தாயிடம் தன் வருத்தத்தின் பெயரைச் சொன்னான். தான் மட்டும் சொன்னான், என்னை அறைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு.

கண்காட்சி முடிந்து கொம்பனி என்னை ஒரு கடைக்கு மாற்றியது. வேலை முடிய நேரே ஆஸ்பத்திரிக்குப் போவேன். பெரும்பாலும் கதைக்க மாட்டான். ஒரு பின்னேரம் நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மச்சான், என்னிலை கோபமோ?"

யன்னல் பக்கம் திரும்பினான்.

"கோபமில்லை எண்டு சொல்லமாட்டன்" என்றான். "பொய் சொல்லுறது உன்னோடை போதும். நானும் சொல்லேலாது."

"தண்ணி தா" என்றான். தலையைத் தூக்கிப் பிடித்துப் பருக்கினேன். தலை பாரமே இல்லை. பிறகு கையை எடுக்கச் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை. அதை மன்னிப்பு என்று உங்களிடம் சொன்னால் அது இன்னொரு பொய்.

தாயின் நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது போய்விட்டான்.

தாய்க்கு யார் சொல்வது என்று எல்லோரும் எங்கள் வீட்டில் கூடிக் கதைத்தார்கள். உடனே சொல்லாமல், கொஞ்சம் கடுமை என்று சொல்லி மெல்ல மெல்லச் சொல்வோம் என்றார்கள். நான் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சந்திக் கடைக்கு எடுத்தேன். கால் மணித்தியாலம் கழித்துத் திரும்ப எடுத்தேன். தாய் வந்து நின்றா.

சொன்னேன். அந்தப் பக்கம் அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போனது.

"கொழும்புக்கெண்டு பையெல்லாம் கட்டி வைச்சிருக்கிறன் ராசா" என்றா. பிறகு, "டொக்டர்மார் வெள்ளெனச் சொல்லியிருந்தால் பிள்ளை இஞ்ச வந்திருப்பானே. அவையும் கடைசியிலைதானோ சொன்னவை?"

"இல்லை அம்மா. மாசியிலை சொன்னவை. போய்த் தாயைப் பாக்கட்டும் எண்டு சொன்னவை. என்னட்டைத்தான் சொன்னவை. நான் அவனுக்குச் சொல்லேல்லை."

"நீயோ?"

"ஓம் அம்மா. நான்தான்."

ரிசீவரை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. நான் வைக்காமல் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் எடுத்தார்.

"தம்பி, அம்மா போறா. கூப்பிட்டுப் பாத்தன், திரும்பிறா இல்லை. நீங்கள் ஏதும் சொல்ல வேணுமெண்டால் பெடியனை விட்டு மறிக்கிறன்."

"இல்லை அண்ணை" என்றேன். "சொல்லிப்போட்டன்."